மாறிகளை நிலைநிறுத்தும் முறை

பயிர்களுக்கு வேண்டிய நீரின் அளவை மதிப்பிடுவதற்கு இன்று பெரிதும் வழங்குவது பென்மன்–மான்டீத் சமன்பாடாகும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சூரியக் கதிர்வீச்சு, நிலையத்தின் உயரம், அட்சரேகை முதலிய உள்ளீடுகளை அது வேண்டுகிறது. முதல் நான்கும் நாள்தோறும் மாறுவன. பின்னிரண்டும் ஒரு நிலையத்திற்கு என்றும் ஒன்றே. ஒரே எண்ணை நாள்தோறும் எழுதுவதால் வேலை மிகுவதோடு பிழையும் நுழைகிறது. ஆதலின் கணிப்பொறி நிரலில் அவ்விரண்டையும் முன்னரே நிலைநிறுத்தி, மாறுபவற்றை மட்டும் வேண்டும் புதிய சார்பொன்றை அமைத்துக்கொள்கின்றனர். வகுப்பில் இதனைத் தனிவட்டியைக் கொண்டு விளக்கலாம்: வட்டி வீதத்தை 5 என நிலைநிறுத்தினால், அசலும் காலமும் மட்டுமே எஞ்சும்.

இக்கருத்து கணிப்பொறிக்கு முந்தியது. பல மாறிகளையுடைய சார்பை, ஒவ்வொரு மாறியாக ஏற்கும் சார்புகளின் தொடராக மாற்றலாம் என்பதை மோசஸ் ஷான்ஃபிங்கல் 1924-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். எனினும் அம்முறை பின்னாளில் அமெரிக்கரான ஹாஸ்கல் கரியின் பெயரையே பெற்றது. பைதான் மொழியில் 2006 முதல் 'பார்ஷியல்' என்னும் கருவி இதற்கென உள்ளது.

மதிப்பு எந்தக் கணத்தில் நிலைபெறுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. பத்து நிலையங்களுக்குப் பத்துச் சார்புகள் ஒரு சுழலில் அமைக்கப்படுகின்றன எனக் கொள்க. 'லாம்டா' என்னும் சுருக்க முறையில் எழுதப்பட்ட சார்பு உயரத்தின் மதிப்பைத் தன்னுள் வாங்கி வைப்பதில்லை. மாறியின் பெயரை மட்டுமே கொள்கிறது. இயங்கும் வேளையில்தான் அப்பெயருக்குரிய மதிப்பைத் தேடுகிறது. சுழல் முடிந்தபின் அப்பெயரில் எஞ்சியிருப்பது கடைசி நிலையத்தின் உயரமே. அது சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே ஆயின், கடலோர மும்பைக்கும் அவ்வுயரமே வழங்கும். காற்றழுத்தம் 101.3 கிலோபாஸ்கல் என வரவேண்டிய இடத்தில் 66 என வரும். நிரல் தடைப்படாது, எச்சரிக்கையும் தராது, நம்பத்தக்க தோற்றமுடைய விடையொன்றைத் தந்துவிடும். இத்தகைய பிழையே கண்டுபிடிக்க அரியது. 'பார்ஷியல்' அமைக்கும் கணத்திலேயே மதிப்பைப் பற்றிக்கொள்வதால் இவ்விபத்து நேர்வதில்லை.

எதனை நிலைநிறுத்துவது என்பது நிரல் எழுதுவோர் மட்டும் முடிவு செய்யத்தக்கதன்று. காற்றளவு கிடைக்காத இடத்தில் விநாடிக்கு 2 மீட்டர் எனத் தற்காலிகமாகக் கொள்ளலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கையேடு இசைகிறது. அவ்வெண்ணைச் சார்பினுள் நிலைநிறுத்திவிட்டு மறந்தால், பின்னர் அந்நிலையத்தில் காற்றுமானி வைக்கப்பட்டாலும் பயனில்லை. களப்பணியாளர் நாள்தோறும் குறிக்கும் அளவு பதிவேட்டோடு நின்றுவிடும். கணக்கு 2 என்றே ஓடிக்கொண்டிருக்கும்.