இடுப்பில் ஒரு விளக்கு

தோட்டின் திருகாணி தொலைந்தால் வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் டார்ச்சை மேலிருந்து அடிக்க மாட்டார்கள். தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெல்லத் திருப்புவார்கள். கடுகளவு திருகாணிக்கு விரல் நீளத்துக்கு நிழல் விழும், எடுத்துவிடலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், காட்டுப் பாதையில் நள்ளிரவில் ஓடுகிறவர்களுக்கும் இந்த வித்தைதான் கைகொடுக்கிறது.

அவர்கள் ஓடுவது இரவுத் தொடரோட்டம். பள்ளி விளையாட்டு விழாவில் நான்கு பேர் குச்சி மாற்றி ஓடுவோமே, அதை ஒரு பகலுக்கும் ஒரு இரவுக்கும் நீட்டினால் எப்படியிருக்கும்? ஜப்பானியர்கள் 1917லேயே இதைவிடவும் நீட்டிப் பார்த்துவிட்டார்கள். கியோத்தோவிலிருந்து டோக்கியோ வரை சுமார் 508 கிலோமீட்டரை 23 துண்டுகளாக்கி, மூன்று நாள் இரவுபகலாக ஓடினார்கள். அந்த மரபில் குச்சி கிடையாது. தோளில் குறுக்காகப் போட்ட 'தசுக்கி' என்கிற துணிப்பட்டைதான் கைமாறும். அமெரிக்காவில் 1982இல் பாப் ஃபுட் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் ஹூட் மலையிலிருந்து பசிபிக் கரைக்கு ஒரு தொடரோட்டம் வைத்தார். முதல் ஆண்டு வந்தவை எட்டே அணிகள். இன்று ஆயிரம் அணிகள் ஓடுகின்றன.

இவையெல்லாம் சாலை ஓட்டங்கள். ஒருவர் ஓட, மற்றவர்கள் வேனில் முன்னே போய்க் காத்திருப்பார்கள். காட்டுக்குள் வேன் போகாதே? யூட்டாவில் 2004இல் சாலைத் தொடரோட்டத்தோடு தொடங்கிய 'ராக்னர்', பிற்பாடு காட்டுக்குப் போனபோது இதற்கு எளிமையான வழி கண்டுபிடித்தது. பாதையை நேராக இழுக்காமல், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வளையங்களாகச் சுருட்டிவிட்டார்கள். மூன்றும் ஒரே கூடாரத்தில் தொடங்கி அங்கேயே முடியும். பச்சை எளிது, சிவப்பு கடினம். அணிக்கு எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மூன்று வளையத்தையும் ஓடியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்குச் சுமார் 24 கிலோமீட்டர், அணிக்கு 190 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கல்லும் வேரும் ஏற்றமுமான பாதையில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 24 மணி நேரம். அதில் ஒருவர் ஓடுவது மூன்று மணி நேரம்தான். மீதி 21 மணி நேரம்? உட்கார்ந்திருப்பது, சாப்பிடுவது, குளிரில் நடுங்குவது, தூங்குவதாகப் பாவனை செய்வது. பயிற்சியெல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்காக நடக்கிறது. அணிகள் தடுமாறுவதோ அந்த 21 மணி நேரத்தில். எனக்கு இந்தப் போட்டியில் பிடித்ததே இந்த முரண்தான்.

தடுமாற்றம் பயணத்திலேயே தொடங்கிவிடும். சையன் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கே, பாண்டெரோசா பைன் மரங்களுக்கு நடுவே மே மாதத்தில் நடக்கும் ஓட்டத்துக்குப் பலர் லாஸ் வேகஸில் விமானம் இறங்கி, காரில் வடகிழக்கே போகிறார்கள். மூன்று மணி நேரப் பயணம். யூட்டா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவும். அதை மறந்த அணிக்குத் தொடக்கக் கோட்டில் மாரடைப்பு நிச்சயம். வழியில் 1930இல் திறந்த மலைக்குகைப் பாதை ஒன்று, சுமார் 1.8 கிலோமீட்டர் நீளம். பாறையில் வெட்டிய சாளரங்கள் வழியாகச் செம்பாறைகள் ஒரு நொடி தெரிந்து மறையும். அதற்குள் கார் ஏறிக்கொண்டே இருக்கிறது. லாஸ் வேகஸ் சுமார் 2,000 அடி உயரம், கூடாரம் போடும் இடம் 6,500 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் சுற்றிலேயே நாக்குத் தள்ளுவது சோம்பலால் அல்ல. பாண்டெரோசா மரப்பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை வரும், மூச்சு மிச்சமிருந்தால் முகர்ந்து பார்க்கலாம்.

கைமாற்று நடக்கும் கூடாரத்தில் எப்போதும் ஒரு பதற்றம். அணி எண் கோத்த இடுப்புப் பட்டைதான் இங்கே குச்சி. முடித்து வந்தவர் வியர்வையில் நனைந்த அந்தப் பட்டையைக் கழற்றி நீட்டுவார். அடுத்தவர் குளிரில் விறைத்த விரல்களால் கொக்கியை மாட்டத் தடவுவார். ஓடி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் இங்கே கரையும்.

ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை வருவதால், யாருக்காவது அதிகாலை நான்கு மணிச் சுற்று விழுந்தே தீரும். உடலின் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் அது. இரவுப் பேருந்தில் நடத்துநர் உலுக்கி எழுப்பி பைபாஸில் இறக்கிவிட்டால், கிழக்கு மேற்கு தெரியாமல் நிற்போமே, அந்தக் கிறக்கம் தெளியக் கால் மணி முதல் அரை மணி ஆகும். ஆகவே அனுபவமுள்ள அணி அடுத்தவரை ஒரு மணி நேரம் முன்பே எழுப்பிவிடும். திட்டு வாங்குவதும் அந்தப் பொறுப்பில் அடக்கம்.

இனி விளக்கு. குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டுகிறார்களே, அதே மாதிரிதான். அவர்களுக்கு அது பொருத்தம், பார்க்க வேண்டிய பட்டை முகத்துக்கு நேரே இருக்கிறது. ஓடுகிறவருக்கோ தரை தெரிய வேண்டும். நெற்றி விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், அது எழுப்பும் நிழல்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. கண்ணுக்கு அவை தெரிவதில்லை. பள்ளமும் மேடும் ஒரே தட்டையாய், சுவரொட்டிபோலத் தெரியும். அடுத்த அடியில் வேர் தடுக்கும். அதே விளக்கை இடுப்பில் கட்டினால் ஒளி சாய்வாகப் போய், கூழாங்கல்கூட நிழல் நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். குளிரில் மூச்சு ஆவியாகும்போதும் நெற்றி விளக்கு தொல்லைதான். ஊட்டி மலைப்பாதை மூடுபனியில் ஹை பீம் போட்ட மாதிரி, எதிரே வெள்ளைத் திரை. முன்னே ஓடுகிறவர் கிளப்பும் செம்புழுதியும் அப்படியே. ஆனால் வளைவில் தலை திரும்பும் பக்கம் ஒளி திரும்ப நெற்றி விளக்கே வேண்டும். அதனால் பலர் இரண்டையும் கட்டுகிறார்கள். ஒன்று அணைந்தால் மற்றது இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோகும்.

நெற்றி விளக்கால் இன்னொரு வேடிக்கை உண்டு. பாதையோரப் புல்லில் பச்சைப் பொட்டுகள் மின்னும். பனித்துளி என்று குனிந்தால் சிலந்தி. கொஞ்சம் உயரத்தில் இரண்டு பொட்டுகள் ஜோடியாக மின்னினால் பெரும்பாலும் மான். இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது, வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கு நம் கண்ணருகே இருந்தால்தான் அந்த ஒளி நம்மை எட்டும். இடுப்பு விளக்குக்காரருக்கு வேர் தெரியும், சிலந்தி அவ்வளவாகத் தெரியாது. இரவில் அது நல்லதா கெட்டதா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது.

முகாமுக்குத் திரும்பியதும் வெள்ளை விளக்கை அணைத்துச் சிவப்புக்கு மாற்றிவிட வேண்டும். இருட்டில் பார்க்க உதவும் கண் செல்கள் முழுதாக விழித்துக்கொள்ள 20, 30 நிமிடம் பிடிக்கும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அடுத்த கூடாரத்துக்காரரின் முகத்தில் வெள்ளை ஒளி அடிப்பதைவிட மோசமான பண்பு இந்த விளையாட்டில் இல்லை.

கடைசி ஆள் முடிக்கும்போது, அணியின் மற்ற ஏழு பேரும் கூடவே சேர்ந்து கோட்டைத் தாண்டுவது வழக்கம். அதன்பின் எல்லோருக்கும் விமானம் நினைவுக்கு வரும். இரவெல்லாம் விழித்தவர் கார் ஓட்டுவதுதான் முழுப் போட்டியிலும் ஆபத்தான சுற்று. ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பலாம். யூட்டா எல்லையில், வரும்போது பறிகொடுத்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கப்போகிறது.