டெஸ்க்டாப்பில் 120 ஃபைல்: ஒரு வரவு செலவு

கோம்பையில் ஒரு பிரவுசிங் சென்டர். நாளுக்கு 30 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம்: வருமானச் சான்று, சாதிச் சான்று, தேர்வு விண்ணப்பம். ஆளுக்குப் படம், கையெழுத்து, ஆதார், ஸ்மார்ட் கார்டு என 4 ஃபைல், ஆக 120. மாதம் 25 நாள் கடை திறந்தால் 3,000.

இடம் பெரிய செலவில்லை. ஃபைலுக்குச் சராசரி 400 கேபி என்றால் வருஷத்துக்கு 14.4 ஜிபி; 64 ஜிபி பென் டிரைவில் நாலு வருஷம் அடங்கும்.

கைவேலைதான் செலவு. ஒரு ஃபைலை இழுத்து உரிய ஃபோல்டரில் போட 8 விநாடி. நாளுக்கு 16 நிமிடம். விண்டோஸில் கூடவே வரும் ரோபோகாப்பியும் டாஸ்க் ஷெட்யூலரும் போதும்: பிடிஎஃப் ஒரு பக்கம், ஜேபிஜி ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்துவிடும். மென்பொருள் செலவு 0 ரூபாய்.

பிரித்து என்ன பயன்? 'வாட்ஸ்அப் இமேஜ்' என்று தொடங்கும் படங்கள் வரிசையாக நிற்கும். எது யாருடைய ஆதார் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பெயரிட 10 விநாடி வீதம் 20 நிமிடம். 16 மிச்சம், 20 செலவு. தினமும் 4 நிமிடம் நட்டம்.

ஆகவே வகைவாரியாக வேண்டாம், ஆள்வாரியாகப் பிரிக்கலாம். ஒருவர் வேலை முடிந்ததும் டோக்கன் எண்ணைத் தட்டினால், டவுன்லோட்ஸில் கிடப்பதையெல்லாம் ஸ்கிரிப்ட் '2025-06-10-17' என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். ஆளுக்கு 10 விநாடி, 30 பேருக்கு 5 நிமிடம். மாதத்தில் மிச்சம் 4 மணி 35 நிமிடம். வருஷத்தை முன்னால் போட்டால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். நேரத்தையும் சேர்ப்பவர்கள் 10:30 என்று எழுதக் கூடாது. விண்டோஸ் ஃபைல் பெயரில் அனுமதிக்காத 9 குறிகளில் முக்காற்புள்ளியும் ஒன்று.

தமிழில் பெயர் வைக்கலாம், தாராளமாக. 'கோம்பை' கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 6 குறியீடு, யூடிஎஃப்-8இல் 18 பைட். பேட்ச் ஃபைலின் தொடக்கத்திலேயே 65001 என்ற குறியீட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். தவறினால் குப்பை எழுத்தில் புது ஃபோல்டர் ஒன்று முளைக்கும்.

அடுத்தது அழிக்கும் வேலை. நாளுக்கு 30 என்றால் வருஷத்தில் 9,000 பேரின் ஆதார் நகல், யார் வேண்டுமானாலும் உட்காரும் கணினியில். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதைச் சும்மா விடுவது சரியல்ல. 7 நாளுக்கு முந்தைய ஃபைல்களைத் தேடிப் பிடிக்க ஃபார்ஃபைல்ஸ் கட்டளை உண்டு. ஆனால் அது பார்ப்பது ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியை. வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவந்த ஈராண்டுப் பழைய படம் நகலெடுத்தாலும் அதே பழைய தேதியோடுதான் வரும். விண்ணப்பம் போகுமுன் அன்றிரவே அழிந்துவிடும், ரீசைக்கிள் பின்னிலும் தங்காது. ஃபோல்டர் பெயரில் உள்ள தேதியைப் படித்து அழிக்கும்படி எழுதுவதே பத்திரம். முதல் வாரம் அழிக்காமல், பட்டியலை மட்டும் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.