உடைவதும் முறிவதும்

‘உடை’ என்ற வினை தமிழில் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. பானை, முட்டை, தேங்காய், கண்ணாடி, ஏரிக்கரை ஆகியவை உடையும். இவற்றில் பெரும்பாலானவை உள்ளே எதையாவது தாங்கி நிற்பவை. கரை உடைந்து தண்ணீர் வெளியேறினால் ‘உடைப்பு எடுத்தது’ என்பது ஊர்வழக்கு. பொட்டுக்கடலைக்கு ‘உடைத்த கடலை’ என்றும் பெயர் உண்டு.

நீளமான பொருள் என்றால் வினை மாறிவிடும். எலும்பு முறியும், சுள்ளி ஒடியும். விறகைப் பிளப்பார்கள். கயிறு அறும், துணி கிழியும், அப்பளம் நொறுங்கும். நொறுக்குத்தீனி என்ற பெயரும் அந்த வினையிலிருந்து வந்ததுதான்.

பழைய இலக்கியத்தில் முறிவதையும் ஒடிவதையும் சொல்ல இன்னொரு வினையும் இருந்தது. மயில்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு ஒடிவதைத் திருவள்ளுவரும், சிவதனுசு ஒடிவதைக் கம்பரும் ‘இறு’ என்ற வினையால் சொல்கிறார்கள். இன்று அது ‘இற்றுப்போன கயிறு’, ‘இற்றுப்போன துணி’ என்ற அளவில், நைந்து போனதைக் குறிக்க மட்டும் மிஞ்சியிருக்கிறது. வில்லையே ஒடித்த சொல்லுக்கு இது கொஞ்சம் இறக்கம்தான்.

‘உடைந்தது’ தன்வினை, ‘உடைத்தது’ பிறவினை. நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. தம்ளரைக் கீழே போட்ட பிள்ளை “உடைஞ்சு போச்சும்மா” என்று சொன்னால், போட்டது யார் என்பது வாக்கியத்திலிருந்தே நழுவிவிடும். அம்மா “யார் உடைச்சது?” என்று கேட்டதும் பிறவினை வந்து ஆளைப் பிடித்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாதவற்றிலும் உடைவதற்கும் முறிவதற்கும் உள்ள வேறுபாடு தொடர்கிறது. மனம் உடையும், கட்சி உடையும், குட்டு உடையும். உறவும் ஒப்பந்தமும் முறியும். உடல் நிமிர்த்திச் சோம்பலை முறிப்பவரும், திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கும் பாட்டியும் எதையும் சேதப்படுத்துவதில்லை. விஷத்தை முறிப்பது மருந்தின் வேலை. அங்கே முறிவது விஷத்தின் வேகம்.

இப்போது செய்திகளில் ‘மௌனத்தை உடைத்தார்’, ‘சாதனையை உடைத்தார்’ என்று அடிக்கடி வருகிறது. இவை ஆங்கிலத்தின் நிழலில் வந்த தொடர்கள். தமிழில் மௌனம் கலையும், சாதனையை முறியடிப்பார்கள், சட்டத்தை மீறுவார்கள், நோன்பை முடிப்பார்கள், இஸ்லாமியர் வழக்கில் திறப்பார்கள். இத்தனை வினைகள் கைவசம் இருக்கும்போது எல்லாவற்றையும் ‘உடை’யின் தலையில் கட்டத் தேவையில்லை.