காலைக் காட்டுங்கள், வாத்தியாரே

சிலம்பம் கற்க வருகிற பையன் முதல் நாளே கம்பைச் சுற்ற ஆசைப்படுவான். வாத்தியார் விடமாட்டார். கம்பைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு, தரையில் கோடு கிழித்துக் காலடி போட வைப்பார். முன்கால், பின்கால், திரும்பு, மறுபடியும் முன்கால். பையனுக்கு அலுத்துப்போகும். சலாம் வரிசை, வீடு கட்டுதல் போன்ற ஆட்ட முறைகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த வாத்தியார் தம் பாடத்தை இணையத்தில் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஏம்பலம். புதுச்சேரி நகரத்துக்குத் தென்மேற்கே, வில்லியனூர், பாகூர் பக்கத்து வயல்வெளிக் கிராமங்களில் ஒன்று. விற்க மூன்று சரக்கு உண்டு: பதிவு செய்த பாடங்கள், வாரம் ஒரு நேரலை வகுப்பு, ஒரு கம்பு. வாங்குகிறவர் சென்னையில் இருக்கலாம். பாரிசுக்கு வெளியே சார்செல் நகரத்திலும் இருக்கலாம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். தாத்தா ஊர்க் கலையைக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்குமா என்று அந்த வீடுகளில் தேடுகிறவர்கள் இருப்பார்கள்.

அண்ணன் மகன் ஒருவன் கணினி படித்திருப்பான். தளத்தை அவன் செய்து கொடுப்பான். உச்சியில் கம்பு வட்டமாகச் சுழலும் படம். அதன் கீழே ‘5000 ஆண்டுப் பழைமை’. அதற்கும் கீழே விலையும் பொத்தானும். வாத்தியாரின் கால் எங்குமே இருக்காது. படத்தை இடுப்போடு வெட்டியிருப்பார்கள். என் வழக்கு முழுக்க இதுதான். கற்றுத் தருவதை விற்கிற தளம், கற்றுத் தருவதைக் காட்டாமல் வித்தையைக் காட்டுகிறது.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை 50 மில்லி நொடி, அதாவது நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும். பார்த்தவர் அதன் அழகைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார், அரை நொடி காட்டியபோதும் அந்த முடிவு பெரும்பாலும் மாறவில்லை. அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 2002இல், ஸ்டான்போர்டில் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2,684 பேரிடம் இணையதளங்களைக் கொடுத்து, இதை நம்புவீர்களா, ஏன் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46.1 விழுக்காடு தளத்தின் தோற்றத்தைப் பற்றியே பேசின. தகவல் சரியா, எழுதியவர் யார் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் வாசல் கோலத்தைப் பார்ப்பது மாதிரி என்று வையுங்கள். கோலம் கோணலாக இருந்தால் உள்ளே போகும்போதே மனம் சற்றுச் சுருங்கும்.

அந்தக் கோலத்தைக் கெடுப்பவற்றில் முதலாவது எடை. கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம் சாதாரணமாக 4 மெகாபைட் இருக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 32 மெகாபிட். ஊர்ப்புறத்தில் சிக்னல் நொடிக்கு 1 மெகாபிட்டாகத் தளர்கிற மாலை நேரத்தில், அந்த ஒரு படம் முழுதாக இறங்க 32 நொடி ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்? படத்தின் அகலத்தை 1200 புள்ளியாகக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசித் திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காணொளிக்கு வேறு ஏற்பாடு. அதைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் வைத்திருப்பார்கள். பார்க்கிறவரின் கைப்பேசி இணைப்பின் வேகத்தை அளந்துகொண்டே, அடுத்த துண்டு எந்தத் தரத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கும். படம் திடீரென்று மங்கி மறுபடி தெளிவதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருவில் தமிழைக் கொட்டினால் ‘கீ’யின் சுழி மேல்வரியில் முட்டும், ‘மூ’வின் வால் கீழ்வரியில் இடறும். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். பொத்தானில் எழுதும் சொல்லுக்கும் யோசனை தேவை. ‘வாங்க’ என்று போட்டால் விலைக்கு வாங்கவா, உள்ளே வாங்க என்ற வரவேற்பா? இந்த இரட்டைப் பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பணம் கட்டும் இடத்தில் குழப்பம் கூடாது. ‘பணம் செலுத்துக’ என்று பச்சையாகச் சொல்லிவிடலாம்.

தளத்தின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாமா என்றால், வைக்கலாம். ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் முகவரிகள் உண்டு, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’கூட உண்டு. உள்ளே இருக்கும் பெயர்ப் பதிவேடு தமிழ் எழுத்தை நேரடியாக அறியாததால், ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்புகிறார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் சார்செலில் இருக்கும் பேரனின் விசைப்பலகையில் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தில் ஒரு சிறிய பெயரும் வேண்டும். ஏம்பலத்தை அப்படி எழுதுவதிலேயே இரண்டு கட்சி, முன்னால் ‘ஒய்’ போடுகிறவர்கள், போடாதவர்கள். ஊர்ப் பெயரைத் தளப் பெயரில் சேர்த்தால் இரண்டையும் வாங்கி வைப்பது நல்லது.

இனி கேமரா. இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கம்பு நெற்றிப்பொட்டு உயரம் என்பது பல வாத்தியார்கள் சொல்லும் அளவு. ஐந்தரை அடி, ஏறக்குறைய 1.68 மீட்டர் என்று கொள்வோம். நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்றுச் சுற்றினால், கம்பின் நுனி நொடிக்குப் பதினாறு மீட்டர் ஓடுகிறது. மணிக்குக் கணக்கிட்டால் 57 கிலோமீட்டர், கடலூர் சாலையில் போகும் பேருந்தின் வேகம். கைப்பேசியின் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், அதற்குள் நுனி 26 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால்தான் கம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசிறி தெரிகிறது. பார்க்க அற்புதம், கற்கப் பயனில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. கைப்பேசி கேமரா ஒரு படத்தை ஒரே நொடிப்பொழுதில் முழுதாகப் பிடிப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை, வாசிப்பது போல வரி வரியாகப் பிடிக்கிறது. மேல் வரியை வாசித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் கம்பு திரும்பியிருக்கும். நேரான மூங்கில் வில்லாக வளைந்து பதிவாகும். புதிதாகப் பார்க்கிறவன், நல்ல கம்பு என்றால் இப்படித்தான் வளையும் போல என்று நினைத்துக்கொள்வான்.

முதல் கோளாறுக்கு மருந்து வெளிச்சம். திறந்திருக்கும் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நுனியின் இழுப்பு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே வரும் ஒளியும் பதினேழில் ஒரு பங்காகிவிடும். குழல்விளக்குப் போட்ட கூடத்தில் இது நடக்காது. போதாததற்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஆகவே அறுவடை முடிந்த களத்தில், நல்ல வெயிலில் எடுக்க வேண்டும். நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி கைப்பேசியில் இருந்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கம்பு நாலரை பாகைதான் திரும்பியிருக்கும். வழக்கமான 30 படத்தில் அது 36 பாகை. வளைவுக் கோளாறு முழுக்கப் போகாது. கேமராவைச் சற்றுத் தள்ளி வைத்து, பாடத்தை மெதுவாகச் சுற்றிக் காட்டினால் கண்ணை உறுத்தாது.

பின்னால் தென்னந்தோப்பு இருந்தால் மூங்கில் அதில் கரைந்துபோகும். சுண்ணாம்பு அடித்த சுவர் நல்லது, வானம் அதைவிட நல்லது. கம்பின் இரு நுனியிலும் சிவப்புத் துணி சுற்றலாம். வாத்தியார் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டட்டும், கணுக்கால் தெரியட்டும். தரையில் கோடு கிழித்து, கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, கால் எந்தக் கோட்டில் விழுகிறது என்று காட்டட்டும். முன்னாலிருந்து ஒரு முறை, முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு முறை. முதுகுப் பக்கம் ஏன் என்றால், எதிரே நின்று ஆடினால் அவருடைய வலது நமக்கு இடதாகத் தெரியும். பின்னால் நின்று பார்த்தால் அவர் வலது நம் வலது. நேரில் கற்கிறபோது மாணவன் வாத்தியாருக்குப் பின்னால் நின்று ஆடுவதும் இதற்காகத்தான். இப்படி எடுத்த முதல் பாடம் ஒன்றை, பத்து நிமிடம், காசு வாங்காமல் முகப்பிலேயே வையுங்கள். சுழலும் கம்பு அதற்குக் கீழே இருந்துவிட்டுப் போகட்டும்.

நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் பலர் முகவரிப் பட்டையில் உள்ள பூட்டுப் படத்தை நினைக்கிறார்கள். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. தளத்தை நடத்துகிறவர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சான்றிதழைப் பல ஆண்டுகளாகவே இலவசமாக வாங்கலாம், மோசடிக்காரரும் வாங்குவார். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து 2023இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

வாத்தியாரை நம்பலாமா என்ற கவலை சதுரங்கத்துக்குக் குறைவு. சென்னையில் ஆர்.பி. ரமேஷும் ஆர்த்தி ராமசாமியும் 2008இல் தொடங்கிய செஸ் குருகுலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரமேஷிடம் பயின்ற பிரக்ஞானந்தா 2018இல் தம் 12ஆம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இதை ரமேஷ் சொல்லி நாம் நம்ப வேண்டியதில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டியலில் யாரும் பார்க்கலாம். பாடமும் 64 கட்டத்துக்குள் அடங்குவதால் திரையில் ஒன்றும் குறைவதில்லை. சிலம்பத்துக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே தரவரிசை இல்லை. சங்கங்கள் பல, சான்றிதழ்கள் அதைவிடப் பல. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றது. வாத்தியாரின் மாணவர் யாராவது அப்படிப்பட்ட அரங்கில் ஆடியிருந்தால், ஆண்டையும் போட்டியின் பெயரையும் போட்டு எழுதலாம். ஐயப்படுகிறவர் தேடிப் பார்த்துக்கொள்வார்.

‘5000 ஆண்டு’ கதைக்கு வருகிறேன். சிலம்பம் பழைய கலைதான். ஆனால் அந்த எண்ணுக்குச் சான்று கேட்டால் காட்ட யாரிடமும் ஒன்றும் இல்லை. காட்ட முடியாத ஒன்றை முதல் வரியிலேயே சொன்னால், அடுத்து வரும் உண்மைகளும் அதே பையில் விழுந்துவிடும். அதற்குப் பதில், தாம் யாரிடம் கற்றார், எத்தனை வருஷம் கற்றார், எந்தப் பாணி, இதுவரை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதினால் நான்கு வரி. அவை நான்கும் கனமான வரிகள்.

பாராட்டுரைகளிலும் அப்படித்தான். இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தர வரையறையை வெளியிட்டது. காசு கொடுத்து எழுதச் சொன்ன மதிப்புரை அதில் ஏற்பில்லை. ‘இன்னும் இரண்டே இடம்’, ‘சலுகை பத்து நிமிடத்தில் முடிகிறது’ என்று பொய் அவசரம் காட்டுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. பதிவு செய்த பாடத்துக்கு இடம் எப்படித் தீரும் என்று அதைப் போடுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்கிறவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலர் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏம்பலத்துக் கடையில் வாத்தியாரே முதலாளி, வாத்தியாரே குறைதீர் அலுவலர். வேடிக்கையாக இருந்தாலும் அப்படியே எழுதிவிடலாம். தெருப் பெயரோடு ஒரு மனிதர் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் ஆடும் படங்களைப் போடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதினெட்டு நிறையாதவர் எல்லோருமே குழந்தைகள்தான்.

கம்பை விற்பது தலைவலி. நீளம் கூரியர் பையில் அடங்காது; ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் மூங்கிலைத் துறைமுகத்திலேயே நிறுத்திச் சோதிப்பார்கள். தூரத்து மாணவருக்குக் கம்பை அனுப்பாமல், தம் ஊரிலேயே நல்ல கழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பாடம் வைத்துவிடுவது மேல்.

பணம் வாங்க யுபிஐ குறியீடு ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். சென்னைக்குப் போதும். பிரெஞ்சு வங்கிக் கணக்கு மட்டும் வைத்திருக்கும் சார்செல் அம்மாவால் அதில் கட்ட முடியாது. வெளிநாட்டு அட்டையை ஏற்கும் கட்டண வாயில் வேண்டும், விலையை யூரோவிலும் போட வேண்டும்.

கடைசியாக நேர அட்டவணை. ஏம்பலத்தில் மாலை ஏழு மணி என்றால் பாரிசில் குளிர்காலத்தில் மதியம் இரண்டரை, கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்ற மாட்டோம். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். வார நாள்களில் பெரும்பாலும் அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். ஆனால் பிரான்சில் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்குப் புதன்கிழமை மதியம் விடுமுறை. வாத்தியார் புதன் இரவுக் களத்தைச் சார்செலுக்கு ஒதுக்கி, விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்கட்டும்.