வாள் எடுத்த சிறுமிகளும் ஓர் அகதி முகாமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஸ்காபறோவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. பெறாமகளுக்கு அப்போது 13 வயது. கோயிலுக்குப் போய்வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் விறாந்தையில் குப்புறக் கிடந்து தடித்த ஆங்கிலப் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். அட்டைகளில் கவசம் போட்ட பெண்கள், குதிரைகள், வாள்கள். நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் புத்தகத்திலிருந்து தலையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"சித்தி, இதில ஒரு ரெஃபியூஜி காம்ப் வருது. நீங்கள் இருந்த காம்பிலயும் ரொய்லட்டுக்குத்தான் பெரிய சண்டையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓம் என்றேன். மலசலகூடத்துக்கும் தண்ணீர் பவுசருக்கும்தான் பெரிய சண்டை. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2009இல் செட்டிகுளம் இராமநாதன் முகாமில் நாங்கள் இருந்தபோது எனக்கு 18 வயது. அக்கா அதற்கு முன்பே கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டாள். முகாமைப் பற்றி இந்தப் பிள்ளை என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. ட்ராகனும் மந்திரமும் வருகிற ஒரு சிறுவர் நாவல் அவளைக் கேட்கவைத்திருந்தது. அவள் போகும்போது நான்கு புத்தகங்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த வகை நாவல்களைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். மேற்கத்தைய வாசகர்கள் 'ட்ரடிஷனல் ஃபான்டசி' என்று சொல்வது இதைத்தான்: அரசர்கள், கோட்டைகள், மாவீரர் பயிற்சி, மந்திரவாதிகள். மையத்தில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் ஒரு விடயம் ஏன் பிடிக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

இந்த வகையின் தொடக்கத்தைப் பேசுகிறவர்கள் டமோரா பியர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரை விட்டுவிட முடியாது. சிறுவயதில் டொல்கீனையும் அதுபோன்ற கதைகளையும் விரும்பி வாசித்தவர் அவர். அந்தக் கதைகளில் வீரச்செயல் செய்கிற பெண்பிள்ளைகள் ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்கு இருந்தது. டொல்கீனில் ஏயோவின் இருக்கிறாள்தான். ஆண் வேடத்தில் போருக்குப் போய், எந்த ஆணாலும் கொல்ல முடியாதவன் என்று சொல்லப்பட்டவனை வீழ்த்துகிறாள். ஆனால் அவ்வளவு பெரிய கதையில் அவளுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்.

பியர்ஸ் முதலில் எழுதியது பெரியவர்களுக்கான ஒரே நாவல். அக்காலத்தில் ஐடஹோ மாநிலத்தில் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில் பராமரிப்பாளராக வேலை செய்தார். நாவலை அப்படியே அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை. அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி வாயால் சொன்னார். பிறகு அவருடைய இலக்கிய முகவர், இதை இளையோருக்கான நான்கு புத்தகங்களாக்கலாமே என்றார். அதன் முதற் புத்தகம் 'அலானா' 1983இல் வெளிவந்தது. வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் அக்கா இரவில் சொன்ன கதை அது என்பதை, வாசிக்கும்போது நான் மறக்கவில்லை. விடுதிகளில் வளர்ந்த என் சிநேகிதிகள் பலர்.

கதை எளிமையானது. அலானாவும் தொம்மும் இரட்டையர். அவளை மடத்துக்கும் அவனைப் போர்ப் பயிற்சிக்கும் அனுப்ப அப்பா முடிவெடுக்கிறார். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அலானா 'அலன்' ஆகி அரண்மனைக்குப் போகிறாள். எட்டு வருடப் பயிற்சி. பெரிய பொடியனொருவன் அடிக்கிறான், எலும்பு முறிகிறது. யாருக்கும் சொல்லாமல் இரகசியமாக மல்யுத்தம் பழகி அவனை வெல்கிறாள். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராதது, அவள் வயதுக்கு வருகிற இடம். விடிய எழும்பிப் படுக்கையில் இரத்தத்தைக் கண்டு பயந்துபோகிறாள். தாய் இல்லை. அவளைச் சுற்றி இருப்பவர்கள் முழுக்க ஆண்கள். நகரத்தில் தெரிந்தவன் ஒருவனின் தாயிடம் ஓடுகிறாள். அந்த அம்மா மருத்துவம் தெரிந்தவர், இருத்திவைத்து விளக்கம் சொல்கிறார். 1983இல் ஒரு வீரசாகசக் கதைக்குள் இதை எழுதியிருக்கிறார்கள். பங்கருக்குள் முதல் மாதவிலக்கு வந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதை எழுதிய கதை ஒன்றும் அந்த வயதில் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு இன்னும் நெருக்கமானது பியர்ஸின் இன்னொரு தொடர். அதன் கதாநாயகி கெலட்ரி, சுருக்கமாக, கெல். பெண்களும் பயிற்சிக்கு வரலாம் என்று அரசர் சட்டம் போட்டுப் பத்து வருடங்கள் ஓடிவிட்டன. ஒருத்தியும் வரவில்லை. வேடம் போடாமல், பெண்ணாகவே வருகிற முதல் பிள்ளை கெல். அவளுக்கு மந்திரசக்தி எதுவும் இல்லை. பயிற்சிப் பொறுப்பாளர் வைல்டன் பிரபு பொடியன்களுக்கு இல்லாத ஒரு நிபந்தனையை அவளுக்கு மட்டும் வைக்கிறார்: ஒரு வருடம் தகுதிகாண் காலம், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு. அவள் ஈட்டிக்குள் யாரோ ஈயத்தை ஊற்றி வைக்கிறார்கள். கண்டுபிடித்த பிறகும் அதே ஈட்டியோடு பழகுகிறாள், பலம் கூடும் என்று. உயரம் என்றால் அவளுக்கு நடுக்கம். வைல்டன் அவளை மதிலில் ஏற்றியே தீருவேன் என்று நிற்கிறார்.

சட்டம் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் கதவு பூட்டு. இதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டாம் மூன்றாம் புத்தகங்களில் இன்னொரு இடம் வருகிறது. கெல்லின் வேலைக்காரப் பிள்ளை லலாசாவைக் கடத்துகிறார்கள். அன்றைக்குக் கெல்லுக்கு முக்கியமான பரீட்சை. பரீட்சையை விட்டுவிட்டுப் போய் மீட்கிறாள். பின்னர் குற்றவாளிக்கு நீதிமன்றம் கொடுக்கும் தண்டனை வெறும் அபராதம். அந்தப் பணமும் போவது லலாசாவுக்கல்ல, எஜமானியான கெல்லுக்கு, வேலையாள் இல்லாமல் போன நட்டத்துக்காம். கெல் கொதித்துப்போய் அரசரிடமே சண்டைக்குப் போகிறாள். சட்டத்தை மாற்ற முயற்சிப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் காலம் எடுக்கும் என்கிறார்கள். இழப்பீட்டுப் படிவங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பக்கங்கள் கற்பனைக் கதை மாதிரி இருக்காது.

பெறாமகள் என்னிடம் கேட்ட முகாம் வருவது நான்காவது புத்தகத்தில், 2002இல் வெளிவந்த 'லேடி நைட்'டில். கெல் இப்போது வீரப்பட்டம் பெற்றுவிட்டாள். வடக்கில் யுத்தம். முன்னரங்குக்கு அனுப்புவார்கள் என்று காத்திருக்கிறாள். வைல்டன் அவளை இடம்பெயர்ந்த மக்களின் முகாம் ஒன்றுக்குப் பொறுப்பாகப் போடுகிறார். அவளுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் அவர் அவளைத் தெரிவுசெய்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்றப் பிரபுக்களின் பிள்ளைகள் சாதாரண சனத்தை மனிதராகவே பார்க்கமாட்டார்கள், இவள் பார்ப்பாள். ட்ராகனோடு சண்டை பிடிக்க வேண்டிய வயதில் சமையற்கட்டு, குழிகள், கட்டில் பங்கீடு, வெவ்வேறு ஊர்ச் சனத்துக்கிடையே நடக்கும் வாய்ச்சண்டை என்று அவளுடைய நாட்கள் போகின்றன. வீரத்தைப் பற்றிய கதை இதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவள் இல்லாத நேரம் எதிரி முகாமை அழித்து, சனத்தைப் பிடித்துக்கொண்டு போகிறான். அவனுக்குப் பிள்ளைகள்தான் தேவை. அவனுடைய மந்திரவாதி செய்கிற கொலை இயந்திரங்கள் பிள்ளைகளின் உயிரால் இயங்குபவை. பின்தொடர வேண்டாம் என்பது மேலிடத்துக் கட்டளை. மீறினால் துரோகம். கெல் மீறுகிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பிள்ளைகளைக் கொண்டு யுத்த இயந்திரம் ஓடுவது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். என்னோடு படித்த பெண்பிள்ளைகளில் சிலர் தாங்களாகவே இயக்கத்துக்குப் போனார்கள். சிலர் கடைசிக் காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். ஆகவே 'வாள் எடுத்த வீரப்பெண்' என்ற படத்தைப் பார்த்துக் கைதட்ட எனக்கு இலகுவாக வராது. இதைப்பற்றி என் சிநேகிதி ஒருத்தியிடம் கதைத்தபோது, "துவக்கு எடுத்த பெட்டையளப் பாத்த எங்களுக்கு இதில என்னடி புதினம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

நான் அவளுக்குச் சொன்ன பதில் இதுதான். இந்தப் புத்தகங்களில் நல்லவை ஆயுதத்தில் நிற்பதில்லை. யார் தெரிவுசெய்தது, எந்த வயதில், மறுக்க இடமிருந்ததா, பிறகு அந்த உடம்புக்கும் மனதுக்கும் என்ன நடந்தது என்று கேட்கின்றன. அலானாவும் கெல்லும் தாங்களாகத் தெரிவுசெய்தவர்கள். அந்தத் தெரிவுக்கு அவர்களுக்கு எட்டு வருடம் கிடைக்கிறது. இடையில் வீட்டுக்குப் போக வழி திறந்திருக்கிறது. கெல்லை வெளியேற்றவே நிற்கிறார்கள், பிடித்து வைக்க அல்ல. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் எது கிடைத்தது என்று நான் சொல்லப்போவதில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சண்டைக்குப் பிறகு என்ன என்பதை நன்றாக எழுதியவர் றொபின் மெக்கின்லி. 1984இல் வந்து அடுத்த வருடம் நியூபெரி பதக்கம் பெற்ற 'த ஹீரோ அன்ட் த கிரவுன்' அவருடையது. அரசனின் மகள் ஏரினை ஊர் நம்புவதில்லை. தாய் வெளிநாட்டுக்காரி, சூனியக்காரி என்று கதை. நோயில் கிடந்து எழும்பியவள், தகப்பனின் கால் ஊனமான பழைய போர்க்குதிரையைப் பழக்கி எடுக்கிறாள். பழைய புத்தகமொன்றில் கண்ட நெருப்புத் தாங்கும் களிம்பை வருடக்கணக்காகச் செய்து செய்து பிழைவிட்டுக் கடைசியில் சரியாக்குகிறாள். மவுர் என்ற கறுப்பு ட்ராகனைக் கொல்கிறாள். கதை அங்கே முடியவில்லை. எரிந்த உடம்போடு, இருமிக்கொண்டு, எதிலும் மனமில்லாமல் படுத்துக் கிடக்கிறாள். ட்ராகனின் தலையை வெற்றிச் சின்னமாக நகரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த மண்டையோடு கொஞ்சம் கொஞ்சமாக நகரம் முழுவதையும் விரக்தியில் தள்ளுகிறது. யாருக்கும் காரணம் விளங்கவில்லை. கடைசியில் ஏரின்தான் அதை நகரத்துக்கு வெளியே உருட்டி அனுப்பவேண்டும் என்கிறாள். உருட்டிய பிறகுதான் சனம் மூச்சு விடுகிறது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் நிற்கிற வெற்றிச் சின்னங்களைத் தாண்டி பஸ்ஸில் போகும்போது எனக்கு மவுரின் தலை ஞாபகம் வரும்.

உர்சுலா லு குவின் இன்னும் ஒரு படி போனார். 1971இல் எழுதிய 'த டூம்ஸ் ஒஃப் அட்டுவான்' நாவலில் டெனார் என்ற சிறுமி ஐந்து வயதளவில் தாயிடமிருந்து எடுக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, இருட்டுத் தெய்வங்களின் பூசாரி ஆக்கப்படுகிறாள். 1990இல் வந்த 'டெஹானு'வில் அவள் நடுத்தர வயது விதவை. தோட்டம் செய்கிறாள். சொந்தக்காரரே சிதைத்து நெருப்பில் தள்ளிய ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறாள். பிள்ளையின் முகம் பாதி எரிந்துபோயிருக்கிறது. ஊர்ச்சனம் அந்தப் பிள்ளையைப் பார்க்க விரும்புவதில்லை. இவ்வளவு நடந்ததென்றால் அவளில் ஏதோ இருந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். இந்த நாவலில் சாகசம் மிகக் குறைவு. சாகசக் கதையை எதிர்பார்த்து எடுக்கும் பிள்ளைகள் அலுத்துவிடுவார்கள், சொல்லிவிடுகிறேன். ஆனால் தழும்போடு வாழ்கிற பெண்பிள்ளை உள்ள வீடுகளில் இதை வாசிக்கவேண்டிய பெரியவர்கள் இருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. மெக்கின்லியின் 'த ப்ளூ சோர்ட்' நாவலில் ஆளவந்த இனத்தைச் சேர்ந்த பெண்ணொருத்தி மலைவாழ் மக்களிடம் போய் அவர்களுக்கே வீராங்கனை ஆகிறாள். அலானாவும் பாலைவனக் குலம் ஒன்றில் இதே வேலையைச் செய்கிறாள். காலனித்துவத்தின் கீழ் இருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், அந்த இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசிக்கவேண்டியிருக்கிறது.

எங்களிடம் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறார்கள். கல்கியின் பூங்குழலி தனியே ஓடம் வலித்து இலங்கைக்கு வருகிறாள். அல்லி அரசாணியைக் குதிரைமலைப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊர் அரசியாகவே சொல்வார்கள். ஆண்களுக்குப் பணியாமல் நாடாண்டவள். ஆனால் அவள் கதை எப்படிப் போகிறது? அர்ச்சுனன் பாம்பு வேடத்தில் புகுந்து, அவள் நித்திரையில் கிடக்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். அம்மம்மா இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

புத்தகங்கள் இப்போது என்னிடம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளை ஒருத்தி ஆங்கிலம் பழக ஏதாவது தாங்கோ என்று கேட்டாள். கெல்லின் முதலாவது புத்தகத்தைக் கொடுத்தேன். அகராதியோடு ஒன்றரை மாதம் இருந்து முடித்தாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. நான்காவதை வாங்கவந்தபோது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, கடைசியில இவள் கலியாணம் கட்டுறாளா?"

"இல்லை. முகாமத் திரும்பக் கட்டுறாள்."

"தனியவா?"

"சனத்தோட."

புத்தகத்தைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை. அவளிடமிருந்து அவளுடைய மச்சாளுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.