தண்ணீர் சுமக்கும் சூடு

திருத்தணி வட்டாரத்து அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விசைத்தறி ஓடும் வீடு. மகனுக்கு அனிமேஷன் வேலை. கிராபிக்ஸ் கார்டுக்கு ‘வாட்டர் கூலிங்’ போட வேண்டுமாம். கரண்ட் சாமானுக்குள் தண்ணீரா என்று அப்பாவுக்குப் பயம். நியாயமான பயம்தான். பூட்டியதும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டுக் கசிவு பார்ப்பது அதற்காகத்தான்.

என்னை ஈர்ப்பது வேறொன்று. 2025-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 முழு வேகத்தில் 575 வாட் வரை இழுக்கும். அத்தனையும் கடைசியில் சூடுதான். சிப்பின் மேல் செம்புத் தட்டு, அதற்குள் மெல்லிய பள்ளங்கள், அவற்றின் வழியே தண்ணீர். வெளியே வரும்போது கொதிக்கும் என்றுதானே தோன்றும்? நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், உள்ளே போனதைவிட வெறும் 2 டிகிரிதான் கூடுதல்! ஒரே கன அளவு காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சம் ஓட்டத்தின் வேலை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் படியேறியவர்களுக்குத் தெரியும்: வரிசை நகரும்வரை நெரிசல் இல்லை, முன்னால் நாலு பேர் நின்றால் போச்சு. பம்ப் நின்றாலும் அதே கதி. சிபியு முதலா, கார்டு முதலா என்று குழாய் வரிசைக்காக மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். சுற்று முழுக்கத் தண்ணீரின் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், அது வெட்டிச் சண்டை.

தண்ணீர் சுமக்கத்தான் செய்யும். இறக்கிவைக்க ரேடியேட்டரும் அறைக் காற்றும் வேண்டும். அறையைவிடக் குளிர்ச்சியாக அது ஒருநாளும் ஆகாது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணி வட்டாரத்தில், ஜன்னலை அடைத்துவிட்டு 575 வாட்டையும் அறைக்குள்ளேயே கொட்டினால் எந்தக் கார்டு தாங்கும்? பல ஆயிரம் ரூபாய் போட்டுக் குழாய் மாட்டுகிறவர்கள், நூறு ரூபாய் பிரஷ்ஷால் ரேடியேட்டரைத் துடைப்பதில்லை. தறி வீட்டில் பஞ்சுத் தூசி அதன் இடுக்குகளில் மெத்தைபோல் படியும். மாதம் ஒருமுறையாவது ஊதித் தள்ளுங்கள்.

போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். உப்பு படிந்து அந்த மெல்லிய பள்ளங்களை அடைக்கும். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த கூலன்டே நல்லது. வாங்கும்போது ரேடியேட்டர் எந்த உலோகம் என்று கேளுங்கள். செம்புத் தட்டோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், நடுவே ஓடும் தண்ணீர் மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.