உரையாடல் மென்பொருளை இடுதலும் எடுத்தலும்

வரிப்பத்தான்சேனை போன்ற ஊர்களில் ஒரே கணினியை வீட்டார் பலர் பகிர்ந்துகொள்வது உண்டு. நானா பயன்படுத்திய கணினியில் தங்கை பாடம் படிப்பாள். சில காலத்தின் பின் அது அயல்வீட்டிற்குக் கைமாறும். அவ்வேளையில், "அதிலிருந்த உரையாடல் மென்பொருளை எடுத்துவிட்டேன்" என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்று எத்துணைத் தூரம் உண்மை என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கணினி வழியே பலர் கூடி எழுத்தில் உரையாடும் ஐ.ஆர்.சி. என்னும் முறையை 1988 ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் அமைத்தார். அதனையும் பிற முறைகளையும் ஒரே சாளரத்தில் கையாளும் மென்பொருள்களுள் ஒன்று பிட்ஜின். 2007 வரை கெயிம் என வழங்கிய அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன், உபுண்டு ஆகியவற்றில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளன. களஞ்சியம் என்ற சொல்லை நெல் விளையும் ஊரார்க்கு விளக்க வேண்டியதில்லை. அதன் படியொன்றை இலங்கையின் லேர்ன் கல்வி வலையமைப்பும் வைத்திருக்கிறது. ஆதலின் கடல் கடந்து செல்லாமலே பொதியைப் பெறலாம். அங்கிருந்து பொதியைக் கொணர்பவன் ஆப்ட் என்னும் முகாமையாளன். முதலில் "ஆப்ட் அப்டேட்" என ஆங்கில எழுத்துக்களில் தட்டெழுதினால் பொருட்பட்டியல் புதுப்பிக்கப்படும். இதனைச் செய்யாது விடுவோர், களஞ்சியத்தில் இப்போது இல்லாத பழைய பொதியைக் கேட்டு வெறுங்கையோடு திரும்புவர். பின்னர் "ஆப்ட் இன்ஸ்டோல் பிட்ஜின்" எனப் பணித்தல் வேண்டும். இரு கட்டளைகளுக்கும் முன்னே நிருவாகியின் அதிகாரத்தைக் கோரும் "சூடோ" என்ற சொல் நிற்கும். பிட்ஜின் இயங்குதற்கு வேண்டிய துணைப்பொதிகளையும் ஆப்ட் தானே கண்டு கொணர்ந்து, பொதி இடையில் மாற்றப்படவில்லை என்பதையும் சரிபார்த்து நிறுவும்.

நீக்கும்போதுதான் கவனம் வேண்டும். "ரிமூவ்" என்ற கட்டளை மென்பொருளை அகற்றும். அதன் பொது அமைப்புக் கோப்புக்களை விட்டுவைக்கும். "பேர்ஜ்" என்பது அவற்றையும் அகற்றும். "ஓட்டோரிமூவ்" தேவையற்றுப்போன துணைப்பொதிகளைக் களையும். எக்கட்டளையாயினும், எவையெவை நீங்கும் என்ற பட்டியலை ஆப்ட் காட்டி இசைவு கேட்பது வழக்கம். அதனைப் படியாமல் இசைதல் பேராபத்து. 2021 இல் லைனஸ் செபாஸ்டியன் என்னும் கனடிய விழியத் தயாரிப்பாளர், விளையாட்டு மென்பொருளொன்றை நிறுவப் புகுந்து, எச்சரிக்கையையும் மீறி இசைவளித்ததால் கணினியின் திரைமுகப்பு முழுவதையுமே இழந்தார். நீக்கும்போது மட்டுமன்றி, இடும்போதும் பட்டியலைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம் வினாவுக்கு வருவோம். பேர்ஜ் என்ற கட்டளையுங்கூடப் பயனரின் இல்ல அடைவைத் தொடுவதில்லை. அது குறையன்று, ஒருவருடைய சொந்தக் கோப்புக்களை முகாமையாளன் அழித்தல் முறையாகாது என்ற கொள்கையே காரணம். ஆனால் பிட்ஜின் அவ்விடத்தில்தான், முற்றுப்புள்ளியோடு தொடங்குவதால் கண்ணுக்குப் புலப்படாத "பேர்ப்பிள்" என்னும் அடைவில், உரையாடற் பதிவுகளை வைக்கிறது. கடவுச்சொல்லை நினைவில் வைக்குமாறு நாம் பணித்திருந்தால், பிட்ஜினின் இரண்டாம் பதிப்பு வரிசையில் அச்சொல்லும் மறைகுறியீடு எதுவுமின்றி அங்கேயே எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் போய்விட்டது, ஆயினும் கணினியைப் பெற்ற அயலவர் அதனை மீண்டும் நிறுவி அதே பயனர் பெயரில் திறப்பாராயின், பழைய கணக்கும் பழைய பேச்சும் அப்படியே எழுந்து நிற்கும். தங்கையின் அந்தரங்கம் அயலார் கையில்!

ஆகவே அவ்வடைவை "ஆர்எம்" கட்டளையால் தனியே அழித்தல் வேண்டும். அக்கட்டளைக்குக் குப்பைக்கூடை கிடையாது. பெயரை இருமுறை பார்த்த பின்னரே விசையை அழுத்துக. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு இருப்பின் வேலை எளிது. கைமாற்றும் நாளில் அக்கணக்கையும் இல்ல அடைவையும் ஒருசேர நீக்கிவிடலாம். நம் கணினியில் அழித்தது சேவையகத்தில் உள்ள கணக்கை அழிக்காது என்பதையும் மறவாது, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிக்கொள்க.